16 வருசப் பிரிட்ஜ், கீழ குளிர் இல்ல. காஸ் முடிஞ்சுதாம். திருத்துறதா, புதுசா?

லிங்கநகர் பிள்ளை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில எங்கட வீட்டுப் பிரிட்ஜ் 2009ல அப்பா கட்டுக்காசுக்கு வாங்கினது, ஒத்தக் கதவு, மேல சின்ன ஃப்ரீசர் பெட்டி. இவ்வளவு காலமும் ஒரு பிழையும் இல்லாம ஓடினது. இந்தக் கச்சான் காத்து, அந்தத் தென்மேற்குச் சூட்டுக் காத்து, தொடங்கினதிலருந்து சரியில்ல. மேல ஐஸ் மலை மாதிரி ஏறிக் கிடக்கு, ஃப்ரீசர் மூடி கூட ஒழுங்கா மூடுதில்ல, ஆனா கீழ வச்ச பால் அடுத்த நாளே திரையுது, முந்தநாள் வச்ச மீன்கறி புளிச்சுப் போச்சு. மோட்டர் நிக்கிறதே இல்ல, ராத்திரி எழும்பினாலும் அந்த உறுமல்தான். கரண்ட் பில் முந்தி 110 யூனிட் மட்டில வரும், இப்ப ரெண்டு மாசமா 150க்கு மேல போகுது.

பிரிட்ஜ் திருத்துற ஒரு பாஸைக் கூப்பிட்டுக் காட்டினம். வந்தார், கதவைத் திறந்து பாத்தார், பின்னால கையை வச்சார், அஞ்சு நிமிசம் கூட இல்ல, "காஸ் முடிஞ்சுது, கொம்பிரசரும் களைச்சுப் போச்சு, 32,000 வரும்" எண்டார். டொரன்டோவில இருக்கிற அண்ணா சொல்லுறார் அதைத் தூக்கி எறி, நான் காசு அனுப்புறன், பெரிய டபுள் டோர் ஒண்டு வாங்கு எண்டு. அம்மா சொல்லுறா இது அப்பா வாங்கினது, எறிய விடமாட்டன் எண்டு. நடுவில நான்.

முக்கியமான விசயம், அப்பாட இன்சுலின் குப்பியள் இதுக்குள்ளதான் வைக்கிறது. அதால சும்மா இழுத்தடிக்க ஏலாது. பிரிட்ஜ் உண்மையில எத்தினை வருசம் ஓடும்? 16 வருசம் எண்டா ஆயுள் முடிஞ்சுதா? புதுசு எண்டா நாலு பேருக்கு எத்தினை லீற்றர் காணும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

அலஸ்தோட்டம் பையன் எழுதினது:

அக்கா யோசிக்காம புதுசு எடுங்க. அண்ணா காசு தாறார் எண்டா இன்னும் என்ன. இப்ப வாற இன்வெர்ட்டர் பிரிட்ஜ் (மோட்டர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற வகை) கனக்கதுக்குக் கொம்பிரசருக்கு 10 வருச வாரண்டி, சத்தமும் இல்ல, கரண்டும் குறைய. பிரிட்ஜிண்ட ஆயுள் 10லருந்து 15 வருசம் எண்டுதான் பொதுவா சொல்லுறது, உங்கட போனஸில ஓடுது.

---

குளிர்காரன் கிண்ணியா எழுதினது:

தங்கச்சி, 32,000 குடுத்திராதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் இந்த வேலையில 22 வருசம், அவர் சொன்னது சரியா பிழையா எண்டு நீங்களே வீட்டில பாக்கலாம்.

பிரிட்ஜுக்குள்ள ஓடுற காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமானில்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி ஓடுறது, எங்கயாவது ஓட்டை விழுந்தா ஒழிய குறையாது. ஆகவே "காஸ் முடிஞ்சுது" எண்டு ஒரு ஆள் சொன்னா, எங்க ஓட்டை எண்டுதான் அடுத்ததா கேக்கணும். ஓட்டையை அடைக்காம காஸ் மட்டும் அடிச்சிட்டுப் போனா ரெண்டு மாசத்தில திருப்பி அதே கதை, திருப்பி அதே காசு.

இப்ப உங்கட ஐஸைப் பாருங்க. காஸ் குறைஞ்ச பிரிட்ஜில ஃப்ரீசர் தட்டில ஐஸ் ஒரு மூலையில மட்டும், காஸ் வந்து நுழையிற பக்கத்தில ஒரு சாண் அளவு பிடிக்கும், மற்றப் பக்கம் ஈரமா வெறுமையா இரிக்கும். பின்னால இரிக்கிற கறுத்தக் கம்பிக் கூடும் சூடே இல்லாம கிடக்கும். நீங்க சொல்லுறது மலை மாதிரி முழுக்க ஐஸ். முழுக்க ஐஸ் பிடிக்குது எண்டா காஸும் இரிக்கு, காஸைச் சுத்த விடுற மோட்டரான கொம்பிரசரும் தள்ளுது. ஐஸ் எங்கருந்து வருது எண்டா வெளிக் காத்தில இரிக்கிற ஈரத்திலருந்து. ஈரக் காத்து உள்ள போக வழி இரிக்கு, அதுதான் விசயம். 100க்கு 90 நான் கதவு ரப்பரைத்தான் சந்தேகப்படுவன்.

ஒரு நூறு ரூவாத் தாளை எடுங்க. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில வச்சு மூடி, மெதுவா இழுங்க. இறுக்கமா வந்தா ரப்பர் நல்லம், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தா அந்த இடம் காத்துப் போகுது. கதவு சுத்தவர ஒரு பத்து இடத்தில பாருங்க, மேல் மூலையையும் பிணைச்சல் பக்கத்தையும் விட்டிராதீங்க, அங்கதான் முதல்ல காயும்.

அந்தத் தடிச்ச ஐஸ் இரிக்கே, அது போர்வை மாதிரி. குளிரை உள்ளுக்குள்ளயே வச்சுக்கொள்ளும், கீழ விடாது. அரை சென்றிமீற்றர் தாண்டினா உருக்கிரணும். கத்தி போடவே கூடாது, எத்தினை வீட்டில கத்தியால கிண்டி அலுமினியத் தட்டில ஓட்டை போட்டுட்டு என்னைக் கூப்பிட்டிரிக்காங்க. அப்பதான் உண்மையா காஸ் முடியிற. பிளக்கைக் கழட்டுங்க, கதவைத் திறந்து விடுங்க, ஃப்ரீசருக்குள்ள ஒரு சட்டி சுடுதண்ணி வைங்க, கீழ பழைய துவாயைப் போடுங்க, அவ்வளவுதான்.

இன்னொண்டு, தட்டுகளுக்கு மேல பிளாஸ்ரிக் விரிப்பு, பேப்பர் எதாவது போட்டிரிக்கா? அது குளிர் காத்தைக் கீழ இறங்க விடாது.

---

லிங்கநகர் பிள்ளை எழுதினது:

நானா நீங்க எங்கட வீட்டை வந்து பாத்த மாதிரிச் சொல்லுறீங்க. அம்மா மூண்டு தட்டுக்கும் பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு வெட்டிப் போட்டிருக்கா, ஊத்தை பிடிக்காது எண்டு. தாள் டெஸ்ட் செஞ்சன், பிணைச்சல் பக்கம் பூரா சும்மா வருது, கீழ் மூலையில ரப்பர் வெடிச்சே கிடக்கு. அம்மா பாத்திட்டு "அது எப்பவோ வெடிச்சது" எண்டு சாதாரணமாச் சொல்லுறா.

பிரிட்ஜ் நிக்கிறது குசினியில, மேற்குச் சுவரோட ஒட்டி, ஒரு பக்கம் காஸ் அடுப்பு. பின்னேர வெயில் அந்தச் சுவரில நேரா அடிக்கும்.

---

ஓய்வு மாஸ்டர் உப்புவெளி எழுதினது:

பிள்ளை, அதிலயே விடை கிடக்கு. பிரிட்ஜ் குளிரை உண்டாக்கிற இயந்திரம் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. அது உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய கொண்டுபோய்க் கொட்டுற இயந்திரம். கொட்டுற இடம் பின்னால இருக்கிற கம்பிக் கூடு, சில மொடலில பக்கச் சுவர், அதுதான் பக்கத்தில கை வச்சாச் சுடுறது, பயப்படத் தேவையில்ல. நீங்க அதைக் கொண்டுபோய் வெயில் சுவரோட ஒட்டி, அடுப்புப் பக்கத்தில வச்சா அது சூட்டை எங்க கொட்டும்? கச்சான் காத்தடிக்கேக்க எங்கட ஊர்ல 35, 36 டிகிரி சர்வசாதாரணம், அந்தச் சுவர் அதுக்கும் மேல.

உங்கட பிரிட்ஜுக்குள்ள இடப்பக்கச் சுவரிலயோ பின்னாலயோ ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அதைத் துடைச்சு வாசியுங்கோ. எஸ்என் (SN), என் (N), எஸ்டி (ST), டி (T) எண்டு ஏதாவது ஒரு எழுத்து இருக்கும், காலநிலை வகுப்பு எண்டு சொல்லுறது. என் எண்டா சுத்தாடல் 32 டிகிரி வரைக்கும், எஸ்டி எண்டா 38, டி எண்டா 43 வரைக்கும் தாங்கும் எண்டு கணக்கு. வெளிநாட்டில இருந்து கப்பல்ல சாமானோட சாமானாக் கொண்டுவாற சில பிரிட்ஜ் இந்த N வகுப்பு, அது இங்க ஆடி மாசம் மூச்சுத் திணறும். புதுசு வாங்கினாலும் பழசைப் பாத்தாலும் நான் முதல்ல தேடுறது அந்த எழுத்தைத்தான், கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பாப்பினம்.

அதே லேபிளில காஸ் எது எண்டும் இருக்கும். ஆர்12 எண்டு இருந்தா அது 90களிலயோ அதுக்கு முந்தியோ வந்த ஆள், ஓசோன் படலத்தைக் கெடுக்குது எண்டு 1987ல மொன்றியல்ல உடன்படிக்கை எழுதி நிப்பாட்டின சாமான். ஆர்134ஏ எண்டா அதுக்குப் பிறகு வந்தது. ஆர்600ஏ எண்டா இப்பத்தைய வகை, ஐசோபியூட்டேன், எரியக்கூடியது, ஆனா உள்ள இருக்கிறது சில பத்துக் கிராம் மட்டும்தான். வயசு தெரியாத செக்கண்ட் ஹாண்ட் பிரிட்ஜ் ஆரும் விக்க வந்தா இதை வச்சே அண்ணளவா பிடிக்கலாம். இலக்கத்திலயும் பிடிக்கலாம், எல்ஜி மாதிரி பிராண்டில சீரியல் இலக்கத்திண்ட முதல் இலக்கம் வருசத்திண்ட கடைசி இலக்கம், அடுத்த ரெண்டும் மாசம். 905 எண்டு தொடங்கினா 2009 மே, அல்லது 2019 மே, பிரிட்ஜிண்ட முகத்தைப் பாத்தா எது எண்டு தெரியாதா என்ன.

பில் விசயத்துக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. ராத்திரி பத்து மணிக்கு வீட்டில மற்ற எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு மீட்டரை எழுதுங்கோ, சிவப்பு இலக்கத்தையும் சேத்து. விடிய ஆறு மணிக்குத் திருப்பி எழுதுங்கோ. இடையில போனதெல்லாம் பிரிட்ஜ் திண்டது. ஃபேன் இல்லாம ஒரு ராத்திரி படுக்கிறது கஷ்டம்தான், பொறுத்துக்கொள்ளுங்கோ.

---

அலஸ்தோட்டம் பையன் எழுதினது:

மாஸ்டர் சொல்லுறது எல்லாம் சரி, ஆனா 16 வருசப் பெட்டிக்கு ரப்பர் போட்டு, இடம் மாத்தி, இன்னும் எத்தினை வருசம்? எங்க மாமி ஒண்டு 2022ல கரண்ட் 13 மணித்தியாலம் வெட்டின நேரம் திருத்தினவா, அப்ப டொலர் 200லருந்து 360க்குப் போய்ப் புதுசு வாங்க வழியே இல்ல, சரி எண்டு திருத்தினா ஆறு மாசத்தில செத்திட்டு.

---

குளிர்காரன் கிண்ணியா எழுதினது:

தம்பி நியாயமான கேள்வி. வருசக் கணக்கு சும்மா ஒரு கணக்குத்தான், நான் 25 வருசம் ஓடினதும் பாத்திரிக்கன், நாலு வருசத்தில போனதும் பாத்திரிக்கன். எங்கட பக்கம் பிரிட்ஜைக் கொல்லுறது கொம்பிரசர் தேய்மானம் இல்ல, ரெண்டு சாமான், உப்புக் காத்தும் கரண்ட் வந்து வந்து போறதும்.

உப்புக் காத்து எண்டா, நிலாவெளி, இறக்கக்கண்டி, கடற்கரைப் பக்கம் வீடு இரிக்கிற ஆக்களுக்குத் தெரியும். பின்னால கம்பிக் கூடு இரும்பு, அது துரு பிடிச்சு உதிரும். அதைவிட மோசம் கொம்பிரசர் பக்கத்தில செம்புக் குழாயும் இரும்புக் குழாயும் பத்தவச்ச இடம், காஸில இரிக்கிற ஈரத்தைப் பிடிக்கிற பில்டர் கிட்ட, அங்க பச்சை பூத்து ஊசிமுனை அளவில ஓட்டை விழும். அந்த ஓட்டைதான் பிறகு "காஸ் முடிஞ்சுது". மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பிளக்கைக் கழட்டிட்டு நல்லதண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, காயவிட்டு, துரு தொடங்கின இடத்தில லேசா பெயின்ட் தடவினாக் காணும். சுனாமிக்குப் பிறகு மூதூர்ப் பக்கம் கடல்தண்ணிக்குள்ள நிண்ட பிரிட்ஜ் கனக்கப் பாத்தன், கழுவிக் காயவச்சா ஓடும், எல்லாரும் சந்தோசப்படுவாங்க, ஒரு வருசத்துக்குள்ள குழாய் உக்கிப் போயிரும்.

கரண்ட் எண்டா, போனதும் உடன வந்தா கொம்பிரசர் எழும்ப ஏலாம உறுமும், ஏனெண்டா உள்ள ஒரு பக்கம் அழுத்தம் கூடி நிக்கிது, அது சமப்பட மூண்டு நாலு நிமிசம் வேணும். அதுக்குத்தான் நேரம் பிந்தி விடுற கார்ட் இரிக்கு, சின்னப் பெட்டி, பிளக்குக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில போடுற. இந்த 2025 பெப்ரவரி 9 ஞாயித்துக்கிழமை கரண்ட் நிலையத்தில குரங்கு பாஞ்சு நாடு முழுக்க இருண்டுதே, அடுத்த நாள் எனக்கு மட்டும் ஒம்பது கோல், ஒண்டுலயும் அந்தக் கார்ட் இல்ல.

மாமிட பிரிட்ஜில என்ன செஞ்சாங்க எண்டு எனக்குத் தெரியாது. ஆனா பைப்பைத் திறந்து காஸ் அடிக்கிறதெண்டா பில்டர் புதுசு போடணும், வெக்குயும் போட்டு உள்ள இரிக்கிற ஈரத்தை இழுத்துப் போட்டு, லேபிளில எழுதின காஸை எழுதின கிராம் அளவில அடிக்கணும். ஆர்134ஏ பெட்டிக்கு ஆர்600ஏ அடிக்கிற ஆக்களும் இரிக்காங்க, மலிவு எண்டு. எண்ணெயே வேற சாதி, அது கனகாலம் ஓடாது. பாஸ் வெக்குயும் பம்ப் கொண்டு வரல்ல எண்டா வேலையைத் தொடங்க விடாதீங்க.

எறியிறதெண்டா நான் எறியச் சொல்லுறது எப்ப தெரியுமா, சுவருக்குள்ள ஓடுற குழாய் உக்கினா, உள்பெட்டி வெடிச்சு, சுவருக்குள்ள குளிரைக் காக்கிற பஞ்சு தண்ணி குடிச்சா, அடிப்பக்க இரும்பு கையோட வந்தா, அல்லது கதவைத் தொட கரண்ட் அடிச்சு ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இரிந்தா. தங்கச்சி, பிரிட்ஜைச் சரிச்சு அடியைப் பாருங்க, என்ன நிலைமை எண்டு சொல்லுங்க.

---

நிலாவெளி தாதி எழுதினது:

பிரிட்ஜ் கதையோட இன்சுலினை மறந்திட்டீங்க போல. பாவிக்கத் தொடங்காத குப்பி 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கோணும், உறைஞ்சு போனா பிறகு உருகினாலும் பாவிக்கக் கூடாது, தண்ணி மாதிரித் தெளிவா இருக்கு எண்டு ஏமாந்து ஊசி போடக் கூடாது. அதால ஃப்ரீசர் பெட்டிக்குக் கிட்டவோ பின்சுவரோட முட்டவோ வைக்காதீங்க, நடுத்தட்டு நல்லம், ஒரு சின்ன டப்பாக்குள்ள போட்டு வைங்க. ஐஸ் உருக்கிற நாள் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில குடுத்து வைங்க. ஒரு தேர்மோமீட்டர் வாங்கி ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள போட்டு நடுத்தட்டில ராத்திரி முழுக்க வச்சுப் பாருங்க, 4, 5 காட்டினா நிம்மதி. திரும்புற குமிழில 1லருந்து 7 வரைக்கும் இலக்கம் இருக்குமே, அது டிகிரி இல்ல, இலக்கம் கூடக் குளிர் கூடும், எங்கட வாட்டுக்கு வாற எத்தினை பேர் 7 எண்டா 7 டிகிரி எண்டு நினைச்சு வச்சு மருந்தை உறைய வைக்கினம்.

பால் திரையிற பிரிட்ஜில இவ்வளவு நாளும் இருந்த குப்பியளைக் கிளினிக்கில காட்டிக் கேட்டுட்டுப் பாவியுங்க, உள்ள எத்தினை டிகிரி போனதெண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாதே. இன்னொண்டு, கொம்பிரசருக்கு மேல தண்ணி சேருற தட்டைப் பாருங்க, அதில நுளம்புக் குடம்பி கிடக்கும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா முதல்ல அதைத்தான் இழுப்பார்.

---

லிங்கநகர் பிள்ளை எழுதினது:

ஒரு கிழமை கழிச்சு வாறன், மன்னிக்கோணும். ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

லேபிள் பாத்தன், ஆர்134ஏ, வகுப்பு டி, மொத்தக் கொள்ளளவு 181 லீற்றர் எண்டு கிடக்கு. ஃப்ரீசர்ல ஒரு நட்சத்திரம். சரிச்சுப் பாத்தம், ஒரு காலடியில மட்டும் துரு, குழாய் எல்லாம் நல்லம், தம்பி துடைச்சு பெயின்ட் அடிச்சான். அந்தத் தண்ணித் தட்டைப் பத்திக் கதைக்கவே விருப்பமில்ல, தாதி அக்கா சொன்னது சரி.

இன்சுலினைப் பக்கத்து வீட்டு அன்ரியிட்டக் குடுத்திட்டு ஐஸ் உருக்கினம், மூண்டு வாளி தண்ணி. உள்ள போன தீபாவளி இறைச்சிப் பார்சல் ஒண்டும் வந்தது. ரப்பர் மாத்தினம், பிளாஸ்ரிக் விரிப்பை எடுத்தாச்சு (அம்மா ரெண்டு நாள் கதைக்கேல்ல). ஹோல்ல உள்சுவர்ப் பக்கம் மாத்தி ஒரு சாண் இடைவெளி விட்டு வச்சிருக்கு.

மீட்டர்க் கணக்கு மாஸ்டர் சொன்ன மாதிரி ரெண்டு தரம் எடுத்தன். முதல் ராத்திரி, ஒண்டும் செய்யமுந்தி, 8 மணித்தியாலத்தில 0.9 யூனிட். இப்ப 0.4. ஒரு நாளுக்கு 2.7ம் 1.2ம் எண்டு வருது. மாசத்துக்கு 45 யூனிட் வித்தியாசம், திருப்பி 120க்குக் கீழ வந்திரும், பில்லில அந்த 120 படி தாண்டினாத்தானே யூனிட் விலை துள்ளுறது. மோட்டர் இப்ப ஒரு கால் மணித்தியாலம் ஓடி இருவது நிமிசம் நிக்குது, நிக்கேக்க வீடு எவ்வளவு அமைதி எண்டு இப்பதான் தெரியுது. தேர்மோமீட்டர் காலமை 5. பழைய குப்பியளைக் கிளினிக்கில மாத்தித் தந்தவை.

அண்ணாக்குச் சொன்னன், அவர் இன்னும் நம்பேல்ல. அவர் வாங்கித் தாறன் எண்டா எத்தினை லீற்றர் எண்டு மட்டும் சொல்லுங்கோ, வேண்டாம் எண்டு சொல்ல எனக்கும் விசர் இல்ல.

---

குளிர்காரன் கிண்ணியா எழுதினது:

அல்ஹம்துலில்லாஹ். நாலு பேருக்கு 200லருந்து 250 லீற்றர் தாராளம். கடையில சொல்லுறது அநேகமா மொத்தக் கொள்ளளவு, பாவிக்கக்கூடியது அதைவிடக் குறையும், லேபிளில ரெண்டும் இரிக்கும், ரெண்டாவதைப் பாருங்க. பழைய ஆக்கள் அடிக் கணக்குச் சொன்னா ஒரு கன அடி 28 லீற்றர் எண்டு பெருக்குங்க.

ஆனா எங்கட ஊர்ல லீற்றரைவிட நட்சத்திரம்தான் முக்கியம். ஒரு நட்சத்திரம் எண்டா மைனஸ் 6 டிகிரி, மீன் ஒரு கிழமை. ரெண்டு எண்டா மைனஸ் 12, ஒரு மாசம். மூண்டு எண்டா மைனஸ் 18, மூண்டு மாசம். சூரை மலிஞ்ச நேரம் அஞ்சு கிலோ வாங்கி ஒரு நட்சத்திரத்துக்குள்ள அடைச்சிட்டு மாசக் கடைசியில மணக்குது எண்டா பிரிட்ஜைக் குறை சொல்ல ஏலாது. டபுள் டோர்ல ஐஸ் பிடிக்காத வகையில ஃபேன், ஹீட்டர், சென்சர், எல்லாத்தையும் இயக்குற எலக்ட்ரோனிக் போர்ட் எண்டு கனக்க சாமான் இரிக்கு. அந்த 10 வருச வாரண்டி கொம்பிரசருக்கு மட்டும், போர்ட் போனா அது உங்கட காசு. போர்ட்டுக்குள்ள பல்லி போய்ப் படுத்துச் செத்து நான் மாத்தினது இந்த வருசம் மட்டும் மூண்டு. இடி மின்னல் நேரம் பிளக்கைக் கழட்டுங்க.

---

சாம்பல்தீவு சுதா எழுதினது:

அக்கா ரப்பர் எங்க எடுத்தீங்க? எங்கட மொடலுக்கு இப்ப வாறதில்ல எண்டு ரெண்டு கடையில சொல்லிட்டாங்க.

---

லிங்கநகர் பிள்ளை எழுதினது:

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னவை. மொடல் கேக்காம அளவைக் குடுங்கோ. பழைய ரப்பரைக் கழட்டி, கதவில அது இறங்குற பள்ளத்தின்ட நீளம் அகலத்தை அளந்து, வெடிக்காத ஒரு துண்டையும் வெட்டிக் கொண்டுபோங்கோ. டவுன்ல பிரிட்ஜ் உதிரிப்பாகம் விக்கிற கடையில நீட்டு ரப்பரா இருக்கு, மூலையைச் சூட்டில ஒட்டித் தருவினம். வாங்கிக் கொண்டு வந்து போடமுந்தி சுடுதண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் ஊறவிடுங்கோ, மடிஞ்ச இடம் நிமிரும். நாங்க அது தெரியாமப் போட்டு மேல் மூலை ஒட்டாம, திருப்பிக் கழட்டி, அம்மாட்டப் பேச்சு வாங்கித்தான் போட்டனாங்கள்.